கூரத்தாழ்வானின் ஔதார்யம்

ஸத்யவ்ரத க்ஷேத்ரம் எனப் போற்றப்பெறும் காஞ்சீபுரத்திற்கு அருகே கூரம் என்னும் சிற்றூர் உள்ளது. பல்லவ மன்னன் முதலாம் பரமேச்வரவர்மனின் செப்பேடு கிடைத்த ஊர் என்று சரித்திரம் கற்றோர் இதனை அறிவர். அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று அந்நாளிலேயே நிவந்தம் விடப்பட்டிருந்தது என்று அச்செப்பேட்டால் தெரிகிறது. அங்ஙனம் பழமை வாய்ந்த ஊராயினும், ஸ்ரீவைஷ்ணவர்களுக்குக் கூரம் என்றவுடன் நெஞ்சில் தோன்றுபவர் ஒருவரே. ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில், ஹாரீத கோத்திரத்தில், பெருஞ்செல்வக் குடும்பம் ஒன்றில் அவர் திருவவதரித்தார். அஃது 1010-ஆம் ஆண்டு என்று கணக்கிடுவர். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவருக்கு இட்ட திருநாமம். அதனையே தமிழில் திருமறுமார்பன் என்பர். ஆயினும் ஸம்ப்ரதாயத்தில் ஆழ்வான் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது அவரையே குறிக்கும். எம்பெருமானார் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்தது 1017-ல் ஆதலின், ஆசார்யனைக் காட்டிலும் சிஷ்யர் ஏழு பிராயம் மூத்தவர். வயதிலும் வித்தையிலும் செல்வத்திலும் நிறைந்திருந்த ஒருவர், தம்மினும் இளையவரான ஆசார்யனின் திருவடியில் வந்து பணிந்தார் என்பதை முதலிலேயே நினைவில் கொள்ளுதல் நலம்.

ஆழ்வானின் திருமாளிகையில் நாள்தோறும் நடைபெற்ற அன்னதானம் பிரஸித்தமானது. காஞ்சிக்குப் பேரருளாளனை ஸேவிக்கச் செல்வோர், ஸேவித்துத் திரும்புவோர், வித்வான்கள், ஏழைகள், வழிதப்பி வந்தோர் ஆகிய யாவரும் அங்கே உண்டு களைப்பாறிச் சென்றனர். விடியற்காலையில் திறந்த கதவு, இரவு நெடுநேரம் சென்று, உண்ணாதவர் எவரும் வெளியில் இல்லை என்று உறுதியான பின்னரே சாத்தப்படும். திருமங்கைமன்னன் வழிப்பறி செய்தும் அடியார்க்கு அமுது படைத்தார். ஆழ்வானுக்கு அந்தச் சிரமம் இல்லை. முன்னோர் ஈட்டிய செல்வம் இருந்தது. ஆனால் இருக்கும் செல்வத்தை இரவும் பகலும் திறந்துவைப்பதும் எளிய காரியம் அன்று என்பதை, வீட்டில் ஒரு வேளை பத்து அதிதிகளை ஏற்றவர்கள் அறிவார்கள்.

அவர் ஊரில் தனித்தலைவரைப் போன்றவர். இரவில் வீதிகளில் நடந்து, எவர் இல்லத்தில் என்ன குறை என்று கேட்டறிவது அவர் வழக்கம் என்பர். அங்ஙனம் ஓரிரவு செல்லுகையில், ஓர் இல்லத்தில் தாயும் தந்தையும் வருந்திப் பேசுவது அவர் செவியில் விழுந்தது. அவர்கள் பெண்ணுக்கு ஜாதக தோஷம். அவளோடு இல்லறம் நடத்தும் கணவன் உயிர் தரியான் என்று சோதிடர் கூறிவிட்டனர். அவளை மணப்பார் எவரும் இலர். ஊர்ப் பழிக்கு அஞ்சி அப்பெண்ணின் உயிரையே முடித்துவிடலாமோ என்னும் அளவிற்குப் பெற்றோரின் மனம் கலங்கியிருந்தது. மறுநாள் ஆழ்வான் அவர்களை அழைத்து, அப்பெண்ணைத் தாமே மணப்பதாகக் கூறினார். தாம்பத்ய ஸுகத்தைக் கருதாமல் அறத்துணையாகவே வாழ்வோம் என்று தீர்மானித்து அவளைக் கைப்பிடித்தார். அவரே ஆண்டாள் என்னும் அம்மையார். கர்ணபரம்பரையாக வரும் இவ்வரலாறு ஆழ்வானின் ஸ்வபாவத்தோடு முற்றும் பொருந்துகிறது. ஒரு குடும்பத்தின் துயரத்தைக் கேட்டு இரக்கப்பட்டு, பொருள் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவரோ தம் வாழ்நாளையே கொடுத்தார்.

ஆழ்வான் கூரத்தை விட்டுப் புறப்பட்ட காரணம் விசித்திரமானது. ஓரிரவு வழக்கம்போல் அன்னதானம் முடிந்து திருமாளிகையின் பெருங்கதவுகளைச் சாத்தினர். அவற்றின் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவியில் விழுந்ததாம். இவ்வேளையில் என்ன ஓசை என்று தாயார் வினவ, கூரத்தில் ஒருவர் பகல் முழுவதும் அன்னமிட்டு இப்பொழுதுதான் கதவைச் சாத்துகிறார் என்று பேரருளாளன் அருளிச்செய்ய, அத்தகையவரைக் காணவேண்டும் என்று பிராட்டி திருவுள்ளம் பற்றினாள். பேரருளாளனோடு நேரே பேசும் பேறு பெற்ற திருக்கச்சிநம்பிகள் இச்செய்தியை ஆழ்வானுக்கு அறிவித்தார். வேறொருவராயின் இதைக் காட்டிலும் பெரிய கீர்த்தி இல்லை என்று ஊரைக் கூட்டியிருப்பர். ஆழ்வானோ தலைகுனிந்தார். ஜகன்மாதாவின் திருச்செவியில் சென்று விழவேண்டியவை வேதகோஷமும் அடியார்களின் ஸ்தோத்ரமும் அன்றோ! தம் செல்வத்தின் ஓசையன்றோ அங்கே சென்று விழுந்தது என்று கூசினார். அத்தனை நாள் அன்னமிட்டும் தம்மிடம் ஏதோ ஓர் ஓசை எஞ்சியிருந்தது என்பது அவருக்குப் பெருந்துயரமாயிற்று. இக்காலத்தில் உபயதாரரின் திருநாமத்தை மண்டபத்திலும் மணியிலும் பொறிப்பது வழக்கமாகிவிட்டது. கைங்கர்யத்தைப் பிறர்க்கு நினைவூட்டுவதால் அதில் குற்றம் காண வேண்டுவதில்லை. ஆயினும் விளக்கின் கண்ணாடி முழுவதும் பெயரை எழுதி, வெளிச்சம் வர இடமின்றிச் செய்யும் அன்பர்கள் கூரத்துக் கதவை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இருந்தவற்றையெல்லாம் பிறர்க்கு வழங்கிவிட்டு, ஆழ்வானும் ஆண்டாளும் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த எம்பெருமானாரை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். மதுராந்தகத்தை அடுத்த காட்டுவழியில் செல்லும்போது, இவ்வழியில் பயம் ஏதும் உண்டோ என்று ஆண்டாள் கேட்டார். மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ வழியில் பயம் உண்டாகும், உன்னிடம் என்ன இருக்கிறது என்று ஆழ்வான் கேட்க, தேவரீர் நாள்தோறும் அமுது செய்யும் பொன்வட்டில் ஒன்று மட்டும் உள்ளது என்று அம்மையார் விண்ணப்பித்தார். ஆழ்வான் அதை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு மேலே நடந்தார். பிறர்க்கு வழங்கிய பொருள்கள் யாவும் அவர் கொடையைக் காட்டும். இவ்வட்டிலை யாருக்கும் கொடுக்கவும் அவர் காத்திருக்கவில்லை. கொடுப்பதற்கென்று ஒருவரைத் தேடுவதுகூட அதை இன்னும் சிறிது நேரம் தம்முடையதாக வைத்திருப்பதாகும் என்று அவர் திருவுள்ளம் கருதிற்றுப் போலும்.

திருவரங்கத்தில் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை உஞ்சவிருத்தி. ஆயிரவர்க்கு அன்னமிட்ட கை, வீதியில் அரிசி ஏந்தி நின்றது. ஒரு நாள் பெருமழை. ஆழ்வான் வெளியே செல்ல இயலவில்லை. அன்று இருவரும் பட்டினி. இரவு பெரியபெருமாளுக்கு நிவேதனம் ஆகும் மணியோசை கேட்டது. அடியார் பட்டினியிருக்க நீர் அமுது செய்கின்றீரோ என்று ஆண்டாள் மனத்தில் ஒரு கணம் நினைத்தார், வாயால் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் பெருமாள் நியமனம் என்று உத்தமநம்பி ப்ரஸாதத்தோடு வாத்ய கோஷங்களுடன் வாசலில் வந்து நின்றார். ஆழ்வான் திகைத்து, நீ ஏதேனும் நினைத்தாயோ என்று தேவியைக் கேட்டார். அவர் உண்மையைக் கூறினார். பெருமாளைச் சிரமப்படுத்திவிட்டோமே என்று வருந்திய ஆழ்வான், வந்த ப்ரஸாதத்தில் இரண்டு கவளம் மட்டும் ஏற்றார். அந்த இரண்டு கவளங்களின் பயனாகவே பராசர பட்டரும் ஸ்ரீராமப்பிள்ளையும் அவர்களுக்குத் திருக்குமாரர்களாக அவதரித்தனர் என்று குருபரம்பரை கூறும். பெறுவதற்குக் கூசியவருக்குப் பெருமாள் கொடுத்த முறை அது.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யம் இயற்ற எண்ணியபோது, போதாயன வ்ருத்தி என்னும் பழைய உரைநூலைக் காண்பதற்காகக் காஷ்மீர தேசத்து சாரதா பீடம் வரை சென்றார். ஆழ்வானும் உடன் சென்றார். பெற்ற நூலை வழியிலேயே அங்குள்ளோர் திரும்பப் பறித்துச் சென்றனர். எம்பெருமானார் மனம் தளர்ந்தபோது, இரவுகளில் தாம் அதை முழுவதும் வாசித்துவிட்டதாகவும், நெஞ்சில் உள்ளதாகவும் ஆழ்வான் விண்ணப்பம் செய்தார். பின்னர் எம்பெருமானார் அருளிச்செய்ய, ஆழ்வான் ஏட்டில் எழுதினார். ஸ்ரீபாஷ்யம் உருவானது அங்ஙனமே. அந்நூலின் ஏடுகளெல்லாம் ஆழ்வானின் கைபட்டவை. நூலுக்கு அவர் பெயர் இல்லை. இருக்கவேண்டும் என்று அவர் எண்ணியதும் இல்லை.

ஆனால் நூல் எழுதியதையும் விட, அன்றாடம் மனிதர்களோடு அவர் பழகிய விதத்திலேயே ஆழ்வானின் பெருமை நன்கு விளங்குகிறது. திருவரங்கம் கோயில் நிர்வாகம் அந்நாளில் பெரியகோயில் நம்பி என்பவரிடம் இருந்தது. அவர் எம்பெருமானாரின் சீர்திருத்தங்களுக்கு இணங்கவில்லை. அவரைத் திருத்தும் பொறுப்பை எம்பெருமானார் ஆழ்வானிடம் ஒப்படைத்தார். நாளடைவில் ஆழ்வானின் இனிய பழக்கத்தால் அவர் மனம் சிறிது சிறிதாக இளகிற்று. அக்காலத்தில் அவருடைய தாயார் பரமபதித்தார். பதினோராம் நாள் ஏகாஹ ச்ராத்தத்தில் ப்ரேத ஸ்தானத்தில் அமர்ந்து உண்பதற்கு நல்லவர் எவரும் முன்வருவதில்லை. உண்டவர் நெடுநாள் தீட்டுக்கும் ப்ராயச்சித்தத்திற்கும் உட்படவேண்டும். ஓர் உத்தமரை அனுப்பவேண்டும் என்று பெரியகோயில் நம்பி வேண்ட, ஆழ்வான் சென்று அமர்ந்தார். கூரத்தில் எத்தனையோ பேரை உபசரித்து உண்பித்தவர், எவரும் உண்ண விரும்பாத அன்னத்தை இங்கே பிறர் நலம் கருதி உண்டார். அன்னமிடுவதும் தானம், சிற்சில வேளைகளில் அன்னத்தை ஏற்பதும் தானம் என்று இதிலிருந்து தெரிகிறது. உண்டபின் த்ருப்திதானே என்று கர்த்தா கேட்பது முறை. த்ருப்தி என்று போக்தா சொன்னாலன்றிக் கர்மம் பூர்த்தியாகாது. அப்போது ஆழ்வான், கோயில் நிர்வாகத்தை எம்பெருமானாரிடம் ஒப்புவித்தால் த்ருப்தி என்று தெரிவித்தார். பெரியகோயில் நம்பி மறுக்காமல் திறவுகோலைக் கொடுத்தார். பின்னர் ஆழ்வானையே ஆசார்யனாக ஆச்ரயித்துத் திருவரங்கத்தமுதனார் என்னும் திருநாமம் பெற்றார். 108 பாசுரங்கள் கொண்ட இராமாநுச நூற்றந்தாதியை அருளிச்செய்தவர் இவரே. அதில் அவர் தம் ஆசார்யனான ஆழ்வானைக் குறிப்பிடுமிடத்தில், முக்குறும்பைக் கடந்தவர் என்று போற்றுகிறார். கல்வியால் வரும் செருக்கு, செல்வத்தால் வரும் செருக்கு, குலத்தால் வரும் செருக்கு ஆகிய மூன்றையும் பெரியோர் முக்குறும்பு என்பர். மூன்றும் இல்லாதவன் அவற்றின் செருக்கு இன்றியிருத்தல் எளிது. மூன்றும் நிரம்பப் பெற்றிருந்தவர் ஆழ்வான்.

பிள்ளைப்பிள்ளையாழ்வான் என்று ஒருவர் இருந்தார். நல்ல வித்வான், உயர்குலத்தவர். ஆனால் பாகவதர்களை மதியாமல் துச்சமாகப் பேசும் தீய வழக்கம் அவரிடம் இருந்தது. அந்த அபசாரம் அவரை எங்கே கொண்டு செல்லுமோ என்று ஆழ்வான் கவலை கொண்டார். நேரே சென்று கண்டிக்கவில்லை; சபையில் வைத்துத் திருத்தவும் இல்லை. தானம் கொடுப்பதற்குரிய ஒரு புண்ணிய காலத்தில், அவர் தீர்த்தமாடிக் கரையேறும் சமயம் பார்த்துச் சென்று, தமக்கு ஒரு தானம் வேண்டும் என்று கை நீட்டி நின்றார். எல்லோரும் மதிக்கும் ஆழ்வான் நம்மிடம் யாசிப்பதோ என்று அவர் பதறி, எது வேண்டுமாயினும் தருவதாக வாக்களித்தார். மனத்தாலும் வாக்காலும் காயத்தாலும் பாகவதர்களுக்கு அபசாரப்படுவதில்லை என்று தமக்கு நீர் வார்த்துக் கொடுக்கவேண்டும் என்று ஆழ்வான் கேட்டார். அவரும் அங்ஙனமே நீர் வார்த்துக் கொடுத்தார். சில நாள் சென்றது. பழைய வாஸனையால் ஒரு நாள் ஒரு பாகவதரைப் பற்றி அவர் மனம் தாழ்வாக நினைத்துவிட்டது. கொடுத்த தானம் பழுதாயிற்றே என்று அஞ்சி, ஆழ்வானின் முகத்தில் விழிக்க நாணி, வீட்டிற்குள்ளேயே கிடந்தார். அவரைக் காணாத ஆழ்வான் தாமே தேடிச் சென்றார். நடந்ததைக் கேட்டு மிகவும் உகந்தார். மனத்தால் நினைத்த பிழைக்கு இவ்வளவு வருந்தினால் பகவான் பொறுத்தருள்வான், காயத்தால் செய்யும் குற்றத்தை அரசன் தண்டிப்பான் என்னும் அச்சமே தடுத்துவிடும், ஆகையால் வாக்கு ஒன்றை மட்டும் காத்துக்கொண்டால் போதும் என்று கூறித் தேற்றினார்.

ஆழ்வான் கேட்ட தானத்தால் நன்மை அடைந்தவர் கொடுத்தவரே. தவறு செய்தவனை நாணச் செய்யாமல், அவனைக் கொடையாளியாக்கித் தாம் யாசகராகி நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்! அவன் தவறியபோதோ, கடன் கேட்பவரைப்போல் முழுவதையும் கேளாமல், மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளிக் கொடுத்தார்.

பூர்வர்கள் வழியே வந்த மற்றொரு சிறு நிகழ்ச்சியும் உண்டு. வழியில் செல்லுகையில் பாம்பின் வாயில் அகப்பட்ட தவளை ஒன்று ஓலமிடுவதைக் கேட்டு ஆழ்வான் மூர்ச்சித்து விழுந்தாராம். இத்தனிமையில் இது யார் செவியில் படவேண்டும் என்று கூப்பிடுகிறதோ என்று அவர் உருகினார். தவளையை அவரால் விடுவிக்க முடிந்ததா என்று கதை சொல்லவில்லை. அந்த ஓலம் ஒருவர் செவியிலேனும் பட்டது.

இனி வரும் பகுதி கொடியது, சுருங்கவே சொல்லத்தக்கது. க்ருமிகண்டன் என்று நம் நூல்கள் குறிக்கும் சோழ மன்னன், வைஷ்ணவர்களுக்குத் தலைவரான எம்பெருமானாரிடம் தன் மதக்கொள்கைக்குக் கையொப்பம் பெற முயன்றான். அவன் சோழர்களுள் எவன் என்பதில் சரித்திர ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மற்றவர்களிடம் கையொப்பம் பெற்று என்ன பயன், தலைவரிடம் அன்றோ பெறவேண்டும் என்று அரசனைத் தூண்டியவன் நாலூரான் என்னும் மந்திரி. அந்நாலூரான் ஒரு காலத்தில் ஆழ்வானிடம் சிஷ்யனாயிருந்தவன். அரசனுடைய சேவகர்கள் திருவரங்கத்திற்கு வந்தபோது, ஆழ்வான் எம்பெருமானாரின் காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு, அவர்களுக்கு முன் நின்றார். எம்பெருமானார் வெள்ளை வஸ்திரம் சாத்திக்கொண்டு சிஷ்யர்களுடன் மேல்நாடு நோக்கி எழுந்தருளினார். வயது முதிர்ந்த பெரியநம்பியும் அவர் திருக்குமாரத்தி அத்துழாயும் ஆழ்வானுடன் சென்றனர். அரசவையில் ஆழ்வான் இசையவில்லை. கண்களைப் பறிக்குமாறு ஆணை பிறந்தது. பாவியைக் கண்ட கண்கள் எமக்கும் வேண்டா என்று ஆழ்வான் தம் நகங்களாலேயே அவற்றைப் பறித்தெறிந்தார். பெரியநம்பியின் கண்கள் பறிக்கப்பட்டன. திரும்பும் வழியில், பசுபதிகோயில் என்று இன்று வழங்கும் ஊரின் அருகே, ஆழ்வானின் மடியில் தலைவைத்தபடியே பெரியநம்பி பரமபதித்தார்.

கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கம் வந்து, பெருமாளை ஸேவிக்கக் கோயில் வாசலுக்குச் சென்றார். எம்பெருமானாரின் ஸம்பந்தம் உடையவர் எவரையும் உள்ளே விடலாகாது என்பது அரசாணை. காவலன் ஒருவன் தடுத்தான். மற்றொருவன் குறுக்கிட்டு, இவர் எல்லோருக்கும் நல்லவர், ஆத்மகுணங்கள் நிரம்பியவர், இவரைத் தடுக்கவேண்டா என்றான். ஆழ்வான் பின்வாங்கினார். எம்பெருமானார் ஸம்பந்தத்தை விலக்கி, தம் நற்குணத்தை அனுமதிச் சீட்டாகக் கொண்டு பெருமாளை ஸேவிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஸேவிக்காமலே திரும்பி, குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலை சென்று பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அழகரைப் பாடிய 132 ச்லோகங்கள் கொண்ட ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கேதான் பிறந்தது. மீண்டும் எம்பெருமானாரோடு திருவரங்கத்தில் கூடியிருக்கவேண்டும் என்பதே அங்கே அவர் செய்த ப்ரார்த்தனை. கண்ணை அவர் கேட்கவில்லை.

அரசன் மாண்டபின் எம்பெருமானார் திருநாராயணபுரத்திலிருந்து திருவரங்கத்திற்கு மீண்டெழுந்தருளினார். ஆழ்வானைத் தழுவிக்கொண்டு, உமக்கும் இது நேர்வதோ என்று கண்ணீர் சொரிந்தார். எவரேனும் ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் திருமண்காப்பு கோணலாயிருக்கிறதே என்று அடியேன் ஒரு கால் நினைத்திருப்பேன், அதன் பலனாயிருக்கும் என்று ஆழ்வான் விடையிறுத்தார். அரசனையோ மந்திரியையோ அவர் குறை கூறவில்லை. பிறருடைய நெற்றியில் கோணல் பார்த்த கண்ணுக்கு இது தகும் என்பது அவர் கணக்கு. அப்படி ஒரு கோணலை அவர் பார்த்திருக்கவே மாட்டார் என்பதை எம்பெருமானார் அறியாரோ?

கேட்டதைத் தரும் பேரருளாளனிடம் சென்று கண்ணை வேண்டும்படி எம்பெருமானார் நியமித்தார். ஆசார்ய நியமனத்தை மறுக்கலாகாது என்று ஆழ்வான் காஞ்சிக்குச் சென்று வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பம் செய்தார். திருவுள்ளம் உகந்த வரதன், வேண்டுவது யாது என்று அர்ச்சகர் முகமாகக் கேட்டருளினான். அத்திகிரி ஸந்நிதியில், அத்தனை பேர் காத்து நிற்க, ஆழ்வான் வாய் திறந்து கேட்டது ஒன்றே: தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்பது. வரதன் அங்ஙனமே தந்தோம் என்றருளினான்.

இவ்வரத்தைப் பற்றி எண்ணும் எவருக்கும் மனத்தில் ஒரு முரண்பாடு தோன்றாமல் இராது. நாலூரான் மன்னிப்புக் கேட்டதாக வரலாறு இல்லை. பெரியநம்பி போன்ற மஹானின் உயிருக்கு முடிவு தேடியவன் அவன். தமக்குச் செய்த தீங்கைப் பொறுப்பது உயர்ந்தது. ஆனால் மோக்ஷத்தையே வாங்கிக் கொடுப்பது தகுமோ? எம்பெருமானாரே இதைக் கேட்டு முதலில் வருந்தினார். ஆழ்வானின் சரீரமும் கண்ணும் ஆசார்யனுக்கு உரிய சொத்து. அதற்காக வேண்டச் சொன்னபோது வேறொன்றை வேண்டுவதற்கு அவருக்கு ஸ்வாதந்த்ர்யம் ஏது என்று அவர் கேட்டது நியாயமே.

ஆழ்வான் நினைவு வேறு விதம். நாலூரான் அவரிடம் கற்றவன். சிஷ்யன் ஆசார்யனை விட்டு விலகலாம், பகைக்கலாம். அதனால் ஆசார்யன் சிஷ்யனை விட்டு விலகினவன் ஆகான். திருவரங்கத்து வாசலில், எம்பெருமானாரோடு தமக்குள்ள ஸம்பந்தத்தை அறுத்துக்கொண்டு பெருமாளையும் ஸேவிக்கமாட்டேன் என்று திரும்பியவர் அவர். தமக்கு மேலே உள்ள ஸம்பந்தத்தை அவ்வளவு இறுகப் பற்றியவர், தமக்குக் கீழே உள்ள ஸம்பந்தத்தை மட்டும் எளிதில் அறுப்பாரோ? மேலும், தவளையின் ஓலத்தைக் கேட்டு மூர்ச்சித்தவர் அவர். நாலூரான் ஓலமிடவும் அறியாதவன். தான் எதன் வாயில் அகப்பட்டிருக்கிறோம் என்பதையே உணராதவனுக்காக வேறு யார் வேண்டப்போகிறார்கள் என்று ஆழ்வான் எண்ணியிருக்கலாம். கூரத்து மாளிகையில் கதவைச் சாத்துமுன், உண்ணாதவர் எவரேனும் வெளியில் உண்டோ என்று பார்த்த பழக்கம் அவரை விடவில்லை. அன்னத்தைப் பகிர்வதில் தொடங்கிய கை அது. நாள்தோறும் பழகாதவனுக்கு அந்த ஒரு நாளில் அக்கேள்வி வாயில் வந்திராது.

பின்னர் மீண்டும் எம்பெருமானார் நியமனத்தால் வேண்டியபோது, பேரருளாளனையும் தம் ஆசார்யனையும் காணுமளவிற்கு ஆழ்வான் பார்வை பெற்றார் என்றும், இவ்வுலகத்தைக் காண அவர் விரும்பவில்லை என்றும் பெரியோர் கூறுவர்.

ஆழ்வான் இயற்றிய ஸ்தவங்கள் ஐந்து. அழகரையும் வரதனையும் பற்றியவை மேலே கூறப்பட்டன. ஸ்ரீவைகுண்ட ஸ்தவமும், ராம க்ருஷ்ணாதி அவதாரங்களின் அதிசயச் செயல்களைப் பேசும் அதிமாநுஷ ஸ்தவமும், பிராட்டியைப் பற்றிப் பதினொரு ச்லோகங்களே கொண்ட ஸ்ரீஸ்தவமும் ஏனையவை. ஐந்தையும் சேர்த்துப் பஞ்சஸ்தவம் என்பர். ஸந்நிதிகளில் இன்றும் இவை அநுஸந்திக்கப்படுகின்றன.

முதிர்ந்த பிராயத்தில் ஒரு நாள் ஆழ்வான் தனியே நம்பெருமாள் ஸந்நிதிக்குச் சென்று நின்றார். வேண்டியதைக் கேள் என்று பெருமாள் அருளிச்செய்ய, இச்சரீரத்தை விட்டுத் திருநாடு அடையவேண்டும் என்று ப்ரார்த்தித்தார். பெருமாள் இசைந்து, உமக்கும் உம்மோடு ஸம்பந்தமுடையார் எல்லோர்க்கும் தந்தோம் என்றருளினார். இச்செய்தி மடத்திற்கு எட்டியதும் எம்பெருமானார் எழுந்து, தம் காஷாய உத்தரீயத்தை மேலே எறிந்து ஆடினார். ஆழ்வானோடு ஸம்பந்தமுடையார் எல்லோர்க்கும் பேறு உண்டு என்றால், தமக்கும் உண்டன்றோ என்பது அவர் உகப்பு. உலகுக்கெல்லாம் மோக்ஷோபாயத்தை அருளிய ஆசார்யனே, சிஷ்யனுடைய பட்டியலில் தம் பெயரும் சேர்ந்ததற்கு மகிழ்ந்தார்.

உகப்பு அடங்கியபின் துயரம் வந்தது. ஆழ்வானின் திருமாளிகைக்கு எழுந்தருளி, எம்மை விட்டு முன்னே செல்லலாமோ என்று எம்பெருமானார் கேட்டார். ஆசார்யன் பரமபதத்திற்கு எழுந்தருளும்போது, அடியார்கள் முன்னே வந்து எதிர்கொண்டு உபசரிப்பது முறை. அடியேன் பின்னால் வந்தால் அம்முறை மாறிவிடும். தேவரீர் அங்கே எழுந்தருளுகையில் எதிர்கொண்டு அழைப்பதற்காகவே முன்னே செல்லுகிறேன் என்று ஆழ்வான் விண்ணப்பித்தார். எம்பெருமானார் மறுமொழி கூறமாட்டாமல், அவர் திருச்செவியில் த்வயத்தை ஓதினார். ஆண்டாளையும் பட்டரையும் தேற்றினார். பட்டர் சரம கைங்கர்யங்களைச் செய்து முடித்தார்.

கூரத்தில் ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலில் ஆழ்வானுக்குத் தனி ஸந்நிதி உண்டு. தை ஹஸ்தத்தில் அங்கே திருநக்ஷத்ர உத்ஸவம் நடைபெறுகிறது. பேரருளாளனை ஸேவிக்கச் செல்லும் அன்பர்கள் கூரத்திற்கும் சென்று ஸேவித்து வரலாம்.